சென்னையின் எது?

சென்னைக்கு ஒரு தொழில்முறைக் கால்பந்துக் குழு 2014இல் வந்தது. பெயர் 'சென்னையின் எஃப்.சி.' வேற்றுமை உருபோடு அந்தரத்தில் நிற்கிற பெயர். சென்னையின் எது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே அது 2015இலும் 2018இலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வாங்கிவிட்டது. பழைய இலக்கணக்காரர்கள் 'இன்' உருபை ஐந்தாம் வேற்றுமையில் வைத்து, நீங்கல் என்றும் அதற்கு ஒரு பொருள் சொல்லியிருக்கிறார்கள். சென்னையின் நீங்கிய குழு. பெயர் வைத்தவர்கள் தங்களை அறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

இது பற்றி நம்மிடையே பேச்சே கிடையாது. சிறுபத்திரிகைக்காரனுக்கு விளையாட்டு மைதானம் என்றால் இளக்காரம். கும்பல், கூச்சல், வெகுஜன மயக்கம் என்று தீர்ப்பெழுதிவிட்டு ஃபிலிம் சொசைட்டிக்குப் போய்விடுவான். மறுபக்கம் லீகை நடத்துகிறவர்கள். இவர்களுக்கும் கேலரியில் உட்கார்ந்திருப்பவன் கும்பல்தான். காமிராவுக்குப் பின்னணியில் அசைகிற நீல வர்ணம். அறிவாளியும் முதலாளியும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிற இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. என் கட்சி இதுதான்: நேரில் போய்ப் பார்க்கிறவன் ஆட்டத்தின் வாடிக்கையாளன் இல்லை, அதன் உறுப்பு. அவனைக் கணக்கில் சேர்க்காமல் நடத்துகிற ஆட்டம் எத்தனை கோடி கொட்டினாலும் நிற்காது.

முதலில் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சி பந்தைத் துரத்துகிறது. பந்து இல்லாத இடத்தில் எதுவுமே நடக்கவில்லை என்பது அதன் சித்தாந்தம். தொடர்கதை படிக்கிறவன் 'அப்புறம் என்ன' என்று பக்கம் புரட்டுவது போன்ற பார்வை இது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது. ஆட்டக்காரன் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் பந்து வலது மூலையில் இருக்கும்போது இடது மூலையில் ஒருவன் வராத பாஸுக்காக நாற்பது கஜம் ஓடி, எதிராளி ஒருவனைத் தன்னோடு இழுத்துப் போய், வெறுங்காலோடு திரும்பி வருவது தெரியும். பின்வரிசை நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல முன்னேறுவதும் பின்வாங்குவதும் தெரியும். கோல் விழுவதற்கு அரை நிமிஷம் முன்பே அது எங்கே தீர்மானமாயிற்று என்பது தெரியும். எதைப் பார்ப்பது என்று அங்கே யாரும் நமக்குத் தேர்ந்து கொடுப்பதில்லை. கவிதை வாசகனிடம் நாம் எதிர்பார்க்கிற உழைப்பு இதுதானே? அதையே இருபது ரூபாய்த் தேநீரோடு கேலரியில் உட்கார்ந்து செய்கிறவனை மட்டும் ஏன் கும்பல் என்கிறோம்?

இந்தப் பார்வையாளனை லீக் எப்படி நடத்துகிறது? ஐயப்பன்தாங்கலிலிருந்து பெரியமேடு சுமார் 18 கிலோமீட்டர். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30க்கு. முடியும்போது ஒன்பதரை ஆகிவிடும். அதன் பிறகு வடபழனி, போரூர் என்று மெட்ரோ தூண்களின் அடியில் ஊர்ந்து வந்து மேற்குப் புறநகர்க்காரன் வீடு சேரும்போது மணி பதினொன்று. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவன் இதை யோசிக்கத்தான் செய்வான். வெயிலைக் காரணம் சொல்வார்கள். டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கு என்ன வெயில்? 7.30 என்பது சாப்பாட்டுத் தட்டோடு திரைக்கு முன்னால் உட்காருகிறவனுடைய நேரம்.

2020-21, 2021-22 ஆகிய இரண்டு பருவங்களிலும் எல்லாக் குழுக்களையும் கோவாவுக்குக் கொண்டுபோய், காலி கேலரிகளுக்கு முன்னால் ஆட வைத்தார்கள். 2022 மார்ச்சில் இறுதி ஆட்டத்துக்குத்தான் ஜனங்களை உள்ளே விட்டார்கள். கொள்ளைநோய்க் காலம், வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் என்ன? ஊரும் வேண்டாம், ஆளும் வேண்டாம், ஒளிபரப்பு இருந்தால் லீக் ஓடும் என்பதுதான்.

அந்தப் பாடத்தின் விலை 2025இல் தெரிந்தது. 2010இல் கால்பந்து சம்மேளனம் 15 வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த வணிக உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும் ஜூலையில் லீகை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னைக் குழு தன் வேலைகளையே நிறுத்திக்கொண்டது. புதிய உரிமைக்கு டெண்டர் விட்டபோது நவம்பரில் ஒரு கம்பெனிகூடக் கேட்டு வரவில்லை. 2026 பிப்ரவரியில்தான், சுருக்கிய வடிவில், பந்து மறுபடி உருண்டது. பத்து வருஷத்துக்கு மேல் கோடிகளில் புரண்ட அமைப்பு ஒரு காகிதம் காலாவதியானதும் படுத்துவிட்டது. அந்த மாதங்களில் லீக் வேண்டும் என்று எந்த லாபமும் இல்லாமல் கேட்டவர்கள் யார்? கேலரிக்காரர்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

சென்னையில் கால்பந்துக்கு ஆள் ஏது என்று பதில் வரும். இது அறியாமை, அல்லது பம்மாத்து. வியாசர்பாடியில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். 2018 மார்ச் 13 அன்று இதே நேரு ஸ்டேடியத்தில் அரையிறுதியில் கோவாவை 3-0 என்று தோற்கடித்தபோது இரண்டாவது கோல் போட்ட தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திறக்கிற கதவுதான் இல்லை. 2019இல் சென்னை சிட்டி எஃப்.சி. – கோயம்புத்தூரில் ஆடிய குழு – ஐ-லீகில் முதலாவதாக வந்தது. உலகில் வேறு இடங்களில் கீழ்ப்படியில் ஜெயித்தவன் மேல்படிக்கு ஏறுவான். இங்கே மேல்படிக்கு நுழைவுக் கட்டணம் இருந்தது, ஏணி இருக்கவில்லை. ஜெயித்த குழு இரண்டே வருஷத்தில் அந்த லீகிலேயே அடிமட்டத்துக்கு வந்து காணாமலும் போயிற்று. ஆட்டத்தின் முடிவு ஆட்டத்துக்கு வெளியே செல்லாக்காசு என்றால், அதை உட்கார்ந்து பார்க்கிறவனை ஏமாற்றுகிறோம் என்றுதான் அர்த்தம்.

நம் பத்திரிகைகளுக்கு இது புரியாத விஷயமில்லை. முந்நூறு சந்தாதாரர்கள் கைவிடாத வரை ஒரு பத்திரிகை இருக்கும். விளம்பரதாரரை நம்பி வண்ண அட்டை போட்டது அவர் போனதும் போய்விடும். கால்பந்துக்கும் கணக்கு இதுதான். குழுவின் நிர்வாகத்தில் டிக்கெட் வாங்குகிறவனுக்கு ஓர் இடம், ஊர் லீகிலிருந்து மேலே ஏறிவர ஒரு வழி, புறநகர்க்காரன் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓர் ஆட்ட நேரம் – இந்த மூன்றையும் கொடுக்காத வரை 'சென்னையின்' என்பதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரப்போவதில்லை.