பத்திரத்துக்கு ஓர் எல்லை, அறிக்கைக்கு வேறோர் எல்லை

நிலம் கைமாறும்போது பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது வழக்கம். கிழக்கே இன்னார் மதில், மேற்கே பொதுவழி என்று தொடங்கி, கிணறும் மரமும் நடைவழியும் உட்படக் கடைசிச் சென்ட் வரை அதில் ஏறிவிடும். அதே நிலத்தில் எழுந்த கட்டடத்துக்குப் பசுங்குடில் வாயு அறிக்கை எழுதும் நாளில் மட்டும் எல்லை சுருங்கிச் சுவரோடு நின்றுவிடுகிறது. வாகன நிறுத்தம், முற்றத்து விளக்கு, மதிலோரத்து ஜெனரேட்டர், புல்தரைக்கு நீர் இறைக்கும் மோட்டார் யாவும் ‘கட்டடத்துக்கு வெளியே’ என்ற ஒரு சொல்லில் மறைகின்றன. உரிமை கொண்டாட ஓர் எல்லை, பொறுப்பேற்க வேறோர் எல்லை என்னும் இவ்வழக்கத்துக்கு அறிவியலில் இடமில்லை, அறத்திலும் இல்லை.

இதன் அநீதி திருவனந்தபுரத்து ஆரியசாலையில் தெளிவாகத் தெரியும். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலை பஜாரை ஒட்டிய பகுதி அது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்தும் இடம். அங்குள்ள பழைய கடைகளுக்கு முற்றமும் இல்லை, வாகன நிறுத்தமும் இல்லை, படியிறங்கினால் தெரு. விளக்கும் விசிறியும் தராசும் கடையின் ஒரே மீட்டரில் ஓடுகின்றன. அத்தகைய கடையைக் கணக்கெடுத்தால் ஒரு யூனிட்கூடத் தப்பாது. புதிதாக எழும் பெரிய வளாகத்தின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகளின்படி அது வாகன நிறுத்தம் அமைத்தாக வேண்டும். அங்கே இரவு முழுதும் விளக்கெரியும். அடித்தளமாயின் புகையை வெளியேற்றும் விசிறிகளும் சுழலும். சுவரோடு கணக்கை முடித்தால் சிறியவர் முழுதாக அகப்படுவார். பெரியவர் முற்றத்தின் வழியே நழுவிவிடுவார்.

நழுவும் வழியும் எளியதே. பல கடைகள் கொண்ட வளாகங்களில் பொதுப் பகுதிகளுக்கெனத் தனி மின் இணைப்பு இருப்பதுண்டு. வாடகைதாரர் தம் மீட்டரை மட்டும் காட்டி, மற்றது உரிமையாளருடையது என்பார். உரிமையாளரோ, பயன்படுத்துவது வாடகைதாரர் என்பார். இருவர் அறிக்கையும் தத்தம் அளவில் சரியாகத் தோன்றும். நடுவில் ஒரு மீட்டர் யாருடையதும் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

‘வெளி விளக்கு எவ்வளவு எரிந்துவிடப் போகிறது?’ என்பது வழக்கமான வாதம். ஒரு வளாகத்தின் வெளியில் 100 வாட் விளக்குகள் 40 இருப்பதாகக் கொள்வோம். நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 48 யூனிட். ஆண்டுக்கு 17,520 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், விளக்குகளுக்கு மட்டுமே ஆண்டுக்கு 12 டன்னுக்கு மேல் வரும். ஜெனரேட்டரில் எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் இதன்மேல் 2.7 கிலோ அளவுக்குச் சேர்க்கும்.

மறைப்பதைவிட மோசமானது நீர்க்கச் செய்வது. 5,000 சதுர மீட்டர் கட்டடம் ஆண்டுக்கு 5,00,000 யூனிட் செலவிட்டால் சதுர மீட்டருக்கு 100 யூனிட். 3,000 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தையும் பரப்பில் சேர்த்து வகுத்தால் அது 62.5 ஆகிவிடும். ஒரு விளக்கையும் அணைக்காமல் கட்டடம் ‘பசுமை’ ஆகிவிடுகிறது! மின்செலவைக் கேட்டால் முற்றம் வெளியே. பரப்பைக் கேட்டால் முற்றம் உள்ளே. இந்த இரட்டை வேடத்தை உணர்ந்துதான் 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, குளிரூட்டப்படாத அடித்தளத்தைப் பரப்பிலிருந்து நீக்கியது. வெளி விளக்குகளின் மின்திறனுக்கும் வரம்பு வைத்தது.

உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறை, எல்லையைச் சுவரைக் கொண்டு வகுக்கவில்லை. உடைமை யாருடையது, கட்டுப்பாடு யாரிடம் என்றே அது கேட்கிறது. வளாகத்தின் ஜெனரேட்டரும் சொந்த வாகனங்களும் ஸ்கோப் 1. முற்றத்துக்கு வாங்கிய மின்சாரம் ஸ்கோப் 2. ஊழியர் வந்துபோகும் பயணம் ஸ்கோப் 3. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் நீடித்த தன்மை அறிக்கை தர வேண்டும் என்று செபி விதித்தது. ஆனால் முற்றமும் நிறுத்தமும் அந்த எண்ணுக்குள் அடங்குமா என்பதை, மொத்த எண்ணை மட்டும் பார்க்கும் வாசகர் எப்படி அறிவார்?

‘வாகனப் புகை வாகன உரிமையாளரின் கணக்கு, கட்டடத்திலும் எழுதினால் இருமுறை எண்ணியதாகும்’ என்பது அடுத்த வாதம். வருகையாளர் வாகனத்தின் புகையை ஸ்கோப் 1-இல் எழுதுமாறு யாரும் கேட்கவில்லை. தனி வரியில் காட்டினால் போதும். ஸ்கோப்புகள் பிரிக்கப்பட்டதன் நோக்கமே அதுதான். அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் முறையில் வாகன நிறுத்தம் கட்டடப் பரப்பில் சேராது. அதைத் தனியே பதிய வேண்டும். ஒப்பிடுவதற்காகப் பிரித்துக் காட்டுவது நேர்மை. பிரித்ததை எங்குமே காட்டாமல் விடுவது ஏமாற்று.

2050க்குள் கார்பன் சமநிலை என்பது கேரளம் அறிவித்த இலக்கு. வயநாட்டின் மீனங்காடி என்னும் கிராமப் பஞ்சாயத்து 2016இலேயே தன் உமிழ்வைக் கணக்கெடுக்கும் பணியில் இறங்கியது. ஒரு கிராமத்தால் இயன்றது தலைநகருக்கு இயலாததன்று. மாநகராட்சியும் மாநில ஆற்றல் மேலாண்மை மையமும் பெரிய கட்டடங்களிடம் மூன்றைக் கேட்டால் போதும். பத்திரத்தின் நான்கெல்லையே அறிக்கையின் எல்லையாகட்டும். வெளிப்பகுதிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் துணை மீட்டர் வைத்துத் தனி வரியில் எழுதட்டும். பொது மீட்டருக்குப் பொறுப்பாளர் யார் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே இடம்பெறட்டும். ஆரியசாலையின் சிறு கடைக்கு இவற்றால் புதிய சுமை ஏதுமில்லை. மீட்டரின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது ஏற்கெனவே கணக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.