தையல் பிரித்த பின்னும் முடியாத சிகிச்சை

இலங்கைப் போரின் இறுதி மாதங்களில், 2009 பெப்ரவரி முதல் மே வரை, சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஏற்பாடு செய்த கப்பல்கள், புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தன. வயிற்றில் ஷெல் துண்டு பட்டவர்களை வைத்தியர்கள் குடல் தைத்துக் காப்பாற்றினார்கள். அப்படிப் பிழைத்த ஒருவருக்கு இன்று திடீரென வயிறு முறுக்கி வலித்தால், அதற்கும் அன்றைய ஒப்பரேஷனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

குடலையும் வயிற்றறையின் உட்சுவரையும் வழுவழுப்பான மென்சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. கத்தியோ, சூடோ, கிருமியோ, உலர்ந்த துணியின் உரசலோ அதைப் புண்படுத்தினால், பசைபோன்ற நார்ப்பொருள் அங்கே படியும். வழக்கமாக உடல் அதைச் சில நாட்களில் கரைத்துவிடும். இரத்தவோட்டம் குறைந்தாலோ கிருமி தொற்றினாலோ கரைக்கும் ஆற்றல் தளரும். ஒரு வாரத்துக்குள் அது தழும்பாக இறுகத் தொடங்கி, குடலைக் குடலோடும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டவைக்கும். இதுவே ஒட்டல். பலருக்கு இதனால் தொல்லை வராது. சிலருக்குக் குடல் மடங்கி அடைபடும். இரத்தவோட்டமும் நின்றுபோனால் அந்தப் பகுதி அழுகிவிடும்.

ஸ்கொட்லாந்தில் 1986இல் வயிற்றிலோ இடுப்பறையிலோ திறந்த சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ 30,000 பேரைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் வெளியானது. ஒட்டலால், அல்லது ஒட்டலோடு தொடர்பிருக்கக்கூடிய காரணத்தால், அல்லது ஒட்டலால் சிக்கலாகக்கூடிய இன்னொரு சத்திரசிகிச்சைக்காக மூன்றில் ஒருவர், சராசரியாக இருமுறை, மீண்டும் வைத்தியசாலைக்கு வந்திருந்தார். இந்த வருகைகளில் ஐந்தில் ஒரு பங்களவே முதல் ஆண்டுக்குரியவை. மீதி பின்வந்த ஆண்டுகளில் பரவிக் கிடந்தன.

தடுப்பு சத்திரசிகிச்சை மேசையிலேயே தொடங்குகிறது. குடலை மெதுவாகக் கையாள்வது, வெளியே எடுத்த பகுதியை ஈரத் துணியால் மூடிவைப்பது, சூட்டுக்கருவியை அளவோடு பயன்படுத்துவது, கசியும் இரத்தத்தை நிறுத்துவது, மாவு பூசாத கையுறை அணிவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, பொறுமை வேண்டும். மாவு பூசிய கையுறையை அமெரிக்கா 2017இல் தடைசெய்ததற்கான காரணங்களில் ஒட்டலும் ஒன்று. இயலும் இடங்களில் சிறுதுளை வழியான சத்திரசிகிச்சை ஒட்டலைக் குறைக்கிறது. கரையும் தடுப்புப் படலங்களும் உதவுகின்றன. ஆனால் அவை விலையுயர்ந்தவை. சிலவகைப் படலத்தைப் புதிதாகத் தைத்த குடலைச் சுற்றி வைத்தால் தையல் கசியும் ஆபத்தும் உண்டு. ஆகவே கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் முதலில் பணம் போடவேண்டியது சிறுதுளைக் கருவிகளிலும் அவற்றைக் கையாளும் பயிற்சியிலும்தான்.

ஒட்டலை உண்டாக்கக்கூடிய இன்னொரு சத்திரசிகிச்சை சிசேரியன். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் சத்திரசிகிச்சை வழியானது. தாயையும் பிள்ளையையும் காக்கச் செய்யும் சிசேரியனில் தயக்கம் கூடாது. தேவையற்ற முதல் சிசேரியனைத் தவிர்த்தால், அடுத்த பிரசவத்தில் கருப்பையோடு ஒட்டிய சிறுநீர்ப்பையைப் பிரித்தெடுக்கும் ஆபத்தும் தவிர்க்கப்படுகிறது.

எல்லாம் செய்தாலும் ஒட்டல் முற்றாக ஒழியாது. அதனால் வீடு திரும்புகிறவரின் டயக்னோசிஸ் கார்டில் தமிழிலும் சிங்களத்திலும் சில வரிகள் வேண்டும்: என்ன ஒப்பரேஷன் செய்யப்பட்டது, உள்ளே ஒட்டல் காணப்பட்டதா, எந்த அறிகுறிக்கு உடனே வரவேண்டும். விட்டுவிட்டு முறுக்கும் வலி, தொடர் வாந்தி, வயிற்று உப்பல், காற்றும் மலமும் வெளியேறாமை ஆகியவை சேர்ந்தால், 'காஸ்ட்ரிக்' என்று நினைத்து பார்மசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. திருகோணமலை மாவட்டத்தின் வெருகலிலோ குச்சவெளியிலோ இருப்பவருக்கு, சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலையை அடையும் தூரமும் இந்தத் தாமதத்தோடு சேர்கிறது.

அடைப்பு வந்த எல்லோருக்கும் மறுபடி வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. குடல் அழுகும் அறிகுறி இல்லாவிட்டால், மூக்கு வழிக் குழாயும் சேலைனும் கவனமான கண்காணிப்பும் பலரைக் குணப்படுத்துகின்றன. அந்த வாய்ப்பு நேரத்தோடு வருகிறவருக்கே அதிகம். நேரத்தோடு வர அவருக்குத் தகவல் தெரிந்திருக்க வேண்டும். அதை அவருடைய மொழியில் எழுதிக் கொடுப்பதும், கையில் கொடுக்கும்போது வாயால் விளக்குவதும் சிகிச்சையின் பகுதியே. கிழக்கின் ஒவ்வொரு சத்திரசிகிச்சை விடுதியும் இதைக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும்.