தலைவலிதானே என்று விட்டுவிடலாமா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மணப்பாட்டுக் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலுக்குச் செப்டம்பர்த் திருவிழாவில் மக்கள் அலையெனத் திரள்வர். சென்ற ஆண்டுத் திருவிழாவில் என் மாமன் மகன் அந்தக் குன்றில் ஏறும்போது தடுமாறி விழுந்தான். வயது பதின்மூன்று. ஆடும் வள்ளத்தின் விளிம்பில் கையை விட்டு நடந்தவன் தரையில் விழுகிறான்! எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, விடிந்து எழுந்ததும் தலை வலிக்கிறது என்பான். வாந்தி எடுப்பான், எடுத்தபின் தெளிந்துவிடுவான். "பித்தம்" என்றார் அத்தை. "பள்ளிக்கூடம் போகக் கள்ளம்" என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்ச பிள்ளை சொல்லுதே" என்று என் சொல்லை நம்பினார்கள். பிறகு ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கண்ணாடி எழுதினார். நேர்ச்சையும் நேர்ந்தோம். ஏழு மாதங்கள் ஓடின. இறுதியில் ஸ்கேன் எடுத்தபோது சிறுமூளையில் கட்டி! அறுவை நடந்தது, உயிர் தப்பியது. பார்வையின் பெரும்பகுதி திரும்பவில்லை.

நண்பர்களே, மண்டையோடு ஒரு மூடிய பாத்திரம். மூளைக்குள் ஓடும் நீரின் வழியைக் கட்டி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். இரவில் படுத்திருக்கையில் அது மேலும் கூடும். ஆகவேதான் காலையில் வலியும் வாந்தியும். நீடித்த அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கும். உடலை நிலைநிறுத்துவது சிறுமூளை. அது தாக்குண்டால் நடை தள்ளாடும். அழுத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதிய எனக்கு இது தோன்றவில்லையே!

மருத்துவம் இல்லாத நாடா இது? 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிவிட்டனர். 1971-இல் இங்கிலாந்தில் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. எங்கள் வீட்டு அறுவைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. ஆனால், இழந்த ஏழு மாதங்களை எந்தத் திட்டம் ஈடுசெய்யும்?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுக்கு அடுத்தபடி மூளைக் கட்டிகளே மிகுதி. ஊரில் சிலர் கடற்கரைத் தாது மணல்தான் காரணம் என்றார்கள். தோரியம் கலந்த மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் கணக்கெடுத்து ஆராய்ந்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளின் மூளைக் கட்டிக்குக் காரணம் இன்னும் தெளியவில்லை. காரணம் தேடிக் காலம் கழிப்பதைவிட அறிகுறியைக் கண்டு விரைவதே அறிவு.

விரைய முடியுமா? முடியும். பிரிட்டனில் 2011-இல் "ஹெட்ஸ்மார்ட்" என்ற இயக்கம் தொடங்கி, அறிகுறிகளைச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் வழங்கியது. அறிகுறி தோன்றி நோயைக் கண்டறிய முன்பு 14 வாரங்களுக்கு மேல் ஆனது. சில ஆண்டுகளில் அது 7 வாரங்களுக்குள் வந்தது. புது மருந்தால் அன்று. அச்சிட்ட ஓர் அட்டையால்!

தலைவலியெல்லாம் கட்டியன்று; அஞ்சவேண்டா. ஆனால், ஓயாமல் திரும்பி வரும் தலைவலி, விடியற்கால வாந்தி, தள்ளாட்டம், மங்கும் அல்லது இரட்டிக்கும் பார்வை, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். ஒருவர் மாத்திரையில் தீராவிட்டால் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். நேர்ச்சை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நேர்ந்துகொண்டே பேருந்து ஏறுங்கள் என்கிறேன்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில் இந்த அறிகுறிகளைத் தமிழில் எழுதிப் பள்ளிச் சுவர்களிலும் மீன் ஏலக் கூடங்களிலும் ஒட்டுவோமா? பேராசிரியர்கள் வழிகாட்டவேண்டும். எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். படித்த பிள்ளை என்று என்னை நம்பிய ஒரு வீட்டுக்கு நான் பட்ட கடன் அது.