மறுபடியும் அதே வாசலா?

'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரைக் கேட்டாலே கொல்லென்று சிரிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பாவம், அந்த ஊர் என்ன செய்தது? 1794-ல் சென்னையில் தொடங்கிய மனநோய் ஆஸ்பத்திரி இப்போது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்களும் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளையையோ உடன்பிறந்தவளையோ அப்படி ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை, மூன்று முறை, ஐந்து முறை கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள்.

கதை பல வீடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தூக்கம் போகும். அப்புறம் அண்டை வீட்டார்மேல் சந்தேகம் வரும். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். நாலு பேர் சேர்ந்து பிடித்து வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பிள்ளை சாதுவாகத் திரும்பி வருவான். "அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது!" என்று மருந்துச் சீட்டைக் காலண்டருக்குப் பின்னால் செருகுவார்கள். மாத்திரை தின்றால் கை நடுங்குகிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறது என்று அவன் ஒரு நாள் நிறுத்திவிடுவான். அவனிடம் யாரும் அதுபற்றிக் கேட்டிருக்கமாட்டார்கள். மூன்றாம் மாதம், பழைய குருடி கதவைத் திறடி!

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1912-ல் இருந்த சட்டத்துக்குப் பெயரே பைத்தியச் சட்டம். இப்போது நடப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தாமாக வந்து சேராத பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டுமானால், இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநோய் டாக்டராக இருக்க வேண்டும். அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்க வேண்டும். அல்லது தம்மையே பேணிக்கொள்ள முடியாமல் தீங்கு நேரக்கூடிய நிலை இருக்க வேண்டும். அப்போதும் 30 நாள்தான் கெடு.

அதற்கு மேலும் வைக்க வேண்டுமா? அல்லது வெளியே விட்ட 7 நாளைக்குள் மறுபடி சேர்க்க வேண்டுமா? அப்போது விதி இன்னும் இறுகுகிறது. இரண்டு மனநோய் டாக்டர்கள் பார்க்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியம் 21 நாளைக்குள் அதைப் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. முன்பு ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்ற ஒரு காரணத்தைக் கொண்டே இன்றும் நோயாளி என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். கோபித்துக்கொண்டு குரலை உயர்த்தினால், "ஆரம்பித்துவிட்டான்!" என்று டெலிபோனை எடுக்கும் உறவினர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

"இத்தனை விதி எதற்கு? வீட்டுக்கு வந்த பிறகும் கட்டாயப்படுத்தினால் மாத்திரையை விழுங்கமாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். வெளியே போனாலும் நிபந்தனைப்படி நடக்க வேண்டும், தவறினால் திரும்ப அழைக்கலாம் என்று 2008-ல் ஓர் உத்தரவு முறை வந்தது. டாக்டர் டாம் பர்ன்ஸ் குழுவினர் 333 பேரை ஒரு வருஷம் கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு இந்த உத்தரவு. மற்றப் பாதிப் பேருக்குப் பழைய முறைப்படி தற்காலிக விடுப்பு. உத்தரவுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஒரு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். மற்றவர்களில்? அதே 36 பேர்தான்! மாதக்கணக்கில் கட்டிப்போட்டும் கதவு முன்போலவேதான் திறந்தது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? அதற்கும் நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் முன், அடுத்த சிகிச்சை எங்கே, எப்படி என்று டாக்டர் நோயாளியோடும் வீட்டாரோடும் கலந்து பேச வேண்டும். ஆகையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட அவசரப்படாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனையும் டாக்டரிடம் சொல்ல விடுங்கள்.

இரண்டாவது வழி, தெளிவாக இருக்கும் நாளில் எழுதி வைப்பது. "எனக்கு மறுபடி உடம்பு சரியில்லாமல் போனால் இப்படி வைத்தியம் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள்" என்று மேஜரான எவரும் எழுதி வாரியத்தில் பதிவு செய்யலாம். தம் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான சிநேகிதனாகவும் இருக்கலாம். அவசரச் சிகிச்சைக்கு அந்த எழுத்து தடையாகாது. தேவைப்பட்டால் வாரியம் அதை மாற்றவும் செய்யலாம். ஆனாலும் நாலு பேர் கையைப் பிடித்து இழுக்கிற நேரத்தில், அவனுடைய சொந்த வார்த்தை அவன் பக்கம் நிற்கும்.

தெளிந்த நாளில் அவன் சொல்வதை யாராவது கேட்டு எழுதியிருக்கிறார்களா? உங்கள் வீட்டிலோ தெரிந்த வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், காலண்டருக்குப் பின்னால் செருகிய சீட்டை இன்றைக்கு வெளியே எடுங்கள். பக்கத்திலேயே ஒரு வெள்ளைக் காகிதமும் இருக்கட்டும்.