நாள் கணக்கில் அளக்கப்படும் பிள்ளைகள்

2018 ஜூன் 23. இத்தாலியின் ஓர்டிசெய் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா கிராண்ட் மாஸ்டர் ஆனார். அவர் ஆடிய ஆட்டங்களைவிட அவரது வயதுதான் பெரிய செய்தியானது: 12 ஆண்டு, 10 மாதம், 13 நாள். ஏழு மாதம் கழித்து டெல்லியில் இன்னொரு சிறுவன் குகேஷ் அதே பட்டத்தை எட்டியபோது கணக்கு இன்னும் நுணுக்கமாயிற்று. மிக இளம் கிராண்ட் மாஸ்டர் என்ற செர்கே கர்யாகினின் உலக சாதனை 17 நாளில் கைநழுவிப் போனது என்ற வருத்தம் பாராட்டோடு சேர்ந்தே வந்தது.

பன்னிரண்டரை வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆன ஒரு பிள்ளைக்காக எதற்கு வருத்தப்பட வேண்டும்? இந்த நாள் கணக்கால் சதுரங்கத்துக்கும் நன்மையில்லை, பிள்ளைகளுக்கும் நன்மையில்லை.

பிரக்ஞானந்தாவின் தொடக்கத்தையே பார்க்கலாம். அக்கா வைஷாலி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் பலகையின் முன் உட்கார்ந்தார். 2013இல் 8 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டம், 2015இல் 10 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டம். 2016இல், பதினோரு வயது நிறைவதற்குள், அதுவரை யாரும் அந்த வயதில் எட்டாத இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம். அதோடு கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. கர்யாகின் 12 ஆண்டு 7 மாதத்தில் கிராண்ட் மாஸ்டர் ஆனவர். அதை முறியடிக்க வேண்டுமானால் 2018 மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும்.

கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கும் மூன்று நார்ம்களும் தேவை. ஒரு நார்ம் என்பது, பொதுவாக ஒன்பது சுற்றாவது உள்ள ஒரு போட்டியில் 2600 ரேட்டிங் தரத்தில் ஆடிக் காட்டுவது. எதிராளிகளில் குறைந்தது மூன்று கிராண்ட் மாஸ்டர்கள் இருக்க வேண்டும், வெளிநாட்டவரும் இருக்க வேண்டும். ஆகவே, ஐரோப்பாவுக்கு மாறி மாறிப் பயணம். கூடவே ஒரு பெரியவர், விமானக் கட்டணம், தங்கும் செலவு. கடைசிச் சுற்றில் ஒரு அரைப் புள்ளி குறைந்தாலும் அத்தனையும் வீண்.

2017 நவம்பரில் இத்தாலியின் தர்விசியோவில் நடந்த உலக ஜூனியர் போட்டி அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. இருபது வயது வரை உள்ளவர்கள் ஆடும் களம் அது. முதலிடம் பிடித்தால் நேரடியாகவே கிராண்ட் மாஸ்டர் பட்டம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் 11 சுற்றில் 8 புள்ளி எடுத்து நான்காம் இடம் பிடித்தார். கிடைத்தது முதல் நார்ம் மட்டும்தான். அடுத்தடுத்த மாதங்களில் எந்தப் போட்டிக்குப் போனாலும் சாதனைக் கேள்வியும் கூடவே போனது. மார்ச் கெடு கழிந்தது. ஏப்ரலில் கிரீஸில் இரண்டாம் நார்ம் வந்தது, ஜூனில் மூன்றாவதும் வந்தது. கெடுவின் பாரம் இறங்கியதும் ஆட்டம் இலகுவானது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

அவர் அதற்குப் பின் செய்ததுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. கிராண்ட் மாஸ்டர் ஆன பிறகும் அவர் ஜூனியர் போட்டிகளைக் கைவிடவில்லை. 2019 அக்டோபரில் மும்பையில் நடந்த உலக இளையோர் போட்டியில், 14 வயதில், 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இறங்கினார். பெரிய பட்டம் பெற்றவருக்கு ஜூனியர் போட்டி வசதியான இடமல்ல. மாதக்கணக்கில் வீட்டில் உழைத்துவிட்டு வரும் ஒரு பிள்ளையின் பலம் ரேட்டிங் பட்டியலில் ஏறியிருக்காது. பட்டியலில் 2200 என்றிருப்பவர் பலகையில் 2400 தரத்தில் ஆடுவார். டிரா ஆனாலே இவருக்கு ரேட்டிங் புள்ளி குறையும். அந்த நிலையிலும் 11க்கு 9 எடுத்துத் தங்கம் வென்றார். கிராண்ட் மாஸ்டர் ஆன வயதைவிட அந்தத் துணிச்சலுக்குத்தான் கைதட்டியிருக்க வேண்டும்.

வயதுச் சாதனை பின்னாளில் எதற்கும் உத்தரவாதமில்லை. கர்யாகின் ஏறக்குறைய 19 ஆண்டு அந்தச் சாதனையை வைத்திருந்தார், 2016இல் உலகப் பட்டத்துக்கும் மோதினார், ஆனால் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனிடம் தோற்றார். 17 நாள் ‘பிந்திய’ குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதே 18 வயதில்தான் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட் மாஸ்டரே ஆனார். பின்னர் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார்.

வைஷாலியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி 10 வயதுப் பிரிவில் வென்ற 2015இல் அவர் 14 வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். கிராண்ட் மாஸ்டர் பட்டம் அவருக்கு 2023 டிசம்பரில், 22 வயதில்தான் வந்தது. உலகில் முதன்முதலாக அக்காவும் தம்பியும் கிராண்ட் மாஸ்டர்கள் ஆன பெருமை அதனால்தான் கிடைத்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டும் குடும்பமும் பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷும் உடன் நின்றார்கள். எல்லா வீட்டிலும் அப்படி நிற்க முடிவதில்லை.

நாகர்கோவிலில் பிறந்த ஷியாம் நிகில் 2012க்குள்ளேயே 2500 ரேட்டிங்கையும் இரண்டு நார்ம்களையும் எட்டிவிட்டார். மூன்றாவது நார்ம் வர 12 ஆண்டு ஆனது. 2024இல் துபாயில், 31 வயதில், அவர் இந்தியாவின் 85ஆவது கிராண்ட் மாஸ்டர் ஆனார். இப்படிக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் இடையில் சோர்ந்து விலகியிருப்பார்கள்!

எனவே பணம் போக வேண்டிய இடம் சாதனைக்கு மிக அருகில் நிற்கும் ஒரு சிறுவனுக்கான பரிசுத்தொகை மட்டுமல்ல. பதினாறு, பதினேழு வயதில் ஒரு நார்முடனோ இரண்டு நார்முடனோ நிற்கும் பிள்ளைகளுக்குப் பயணச் செலவும் பயிற்சிக் கட்டணமும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். வெளிநாட்டு கிராண்ட் மாஸ்டர்களை அழைத்து, கோவையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஆண்டுதோறும் நார்ம் போட்டிகள் நடத்த வேண்டும். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட்டையே நடத்திக் காட்டிய மாநிலத்துக்கு இது பெரிய வேலையல்ல.