வாள் உறைக்குள் சென்றபோது



சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பாளையங்கோட்டையிலுள்ள என் தமக்கையின் இல்லத்தில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். அத்தான் பணி ஓய்வு பெற்றவர். 1990களில் கணிப்பொறிப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பூர்வீக வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சில் தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரே கூரையின்கீழ் இருந்தபோதும், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்கள், அம்மா" என்று மகனும், "அவனைக் கதவைச் சாத்தச் சொல்" என்று தந்தையும் என் தமக்கையின் வழியாகவே பேசிக்கொண்டார்கள். தூது செல்லும் தாயின் வேதனையை யார் எழுதி முடிக்க இயலும்?

இரண்டாம் நாள் காலையில் மருமகன் ஒரு பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, இது என்ன தெரிகிறதா? 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா.' சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஆடுவேன். அம்மா பெட்டியைக் கையேட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்."

பெட்டிக்குள் நெகிழ்வட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் அத்தானின் கையெழுத்தில், "நிலை 12" என்று எழுதியிருந்தது.

அவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்டான் மெக்னர் என்னும் இளைஞர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இது, 1989இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்தது; அடுத்த ஆண்டே டாஸ் இயங்குதளத்திற்கும் வந்தது. பாதாளச் சிறையில் அடைபட்ட வீரன் ஒருவன் 60 நிமிடங்களுக்குள் கோபுரத்தை அடைந்து, கொடிய அமைச்சன் ஜாஃபரை வென்று இளவரசியை மீட்கவேண்டும். இதில் ஒரு குடும்பமே உழைத்திருக்கிறது. 1985இல் மெக்னர் தம் தம்பி டேவிட்டை வெள்ளையுடை அணியச் செய்து, ஓடவும் தாவவும் வைத்து ஒளிப்பதிவு செய்தார். அந்தப் பதிவைப் படம் படமாகப் பார்த்து வரைந்ததனாலேயே வீரனின் அசைவு உயிருள்ள மனிதனின் அசைவாக இருக்கிறது. இசையமைத்தவர் அவருடைய தந்தை ஃபிரான்சிஸ் மெக்னர்.

மருமகன் யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் நெகிழ்வட்டு இயக்கி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். முதல் மூன்று முறை வட்டு படிக்கப்படவில்லை. நான்காம் முறை, கரகரவென்ற ஓசையோடு கோப்புகள் ஒவ்வொன்றாக மடிக்கணினிக்கு வந்துசேர்ந்தன. மகிழ்ச்சியோடு அவன் விளையாட்டைத் திறக்க முயன்றபோது, இந்தச் செயலி இக்கணிப்பொறியில் இயங்காது என்னும் பொருள்பட விண்டோஸ் 11 ஓர் அறிவிப்பைக் காட்டி நின்றுவிட்டது.

"புதிய இயந்திரம் பழையதைவிட எத்தனையோ மடங்கு வலிமை வாய்ந்தது அல்லவா? சிறிய விளையாட்டை ஏன் இயக்கமுடியவில்லை?" என்று கேட்டேன். இக்கேள்வி உங்களுக்கும் எழக்கூடும்.

வலிமை வேறு, மொழி வேறு. ஆழாக்கு, படி, மரக்கால் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர், கிலோகிராமில் மட்டுமே நிறுக்கும் கடைக்குச் சென்றால் என்ன ஆகும்? கடையில் அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் பேச்சு நடவாது. டாஸ் கால விளையாட்டுகளுள் பெரும்பாலானவை, இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 செயலியின் 16 பிட் முறைக்கு எழுதப்பட்டவை. 1985இல் வந்த 80386 செயலி தனக்குள்ளேயே ஒரு பாவனை 8086ஐ உருவாக்கும் திறன் பெற்றிருந்தது. அதனைக் கொண்டு விண்டோஸின் 32 பிட் பதிப்புகள் பழைய நிரல்களுக்கும் இடங்கொடுத்தன. ஆனால் 2003இல் சந்தைக்கு வந்த 64 பிட் செயலிகள் தம் புதிய முறையில் இயங்கும்போது அப்பாவனை வசதி கிடைப்பதில்லை. ஆதலால் 64 பிட் விண்டோஸ், 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு அப்பதிப்பே கிடையாது. பண்புகளில் சென்று "பழைய விண்டோஸைப்போல் இயக்கு" என்று குறியிட்டாலும் இதற்குப் பயனில்லை.

அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அவருடைய பெயர் டாஸ்பாக்ஸ். நெதர்லாந்து நாட்டு நிரலாளர்களான பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஸ்யூர்ட் வான் டெர் பெர்க் என்னும் இருவர் தொடங்கிய இம்மென்பொருள் 2002இல் வெளிவந்தது, இலவசமாகவே கிடைக்கிறது. இது பழைய கணிப்பொறி ஒன்றை முழுமையாக நடித்துக் காட்டுகிறது. செயலி, திரை அட்டை, ஒலி அட்டை, டாஸ் இயங்குதளம் ஆகிய அனைத்தும் மென்பொருளாலேயே ஆனவை. நாடக மேடையில் திரைச்சீலையில் தீட்டிய அரண்மனை மெய்யான அரண்மனையாகத் தோன்றுவதுபோல, விளையாட்டும் தான் 1990இல் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது.

செய்முறையும் கடினமன்று. விளையாட்டின் கோப்புகளை எட்டு எழுத்துக்கு மேற்படாத பெயருள்ள ஓர் உறைக்குள் இடவேண்டும். டாஸ்பாக்ஸைத் திறந்து, "மவுண்ட்" என்னும் கட்டளையால் அவ்வுறையை "சி" என்னும் வட்டாக அறிவிக்கவேண்டும். பின்னர் சி எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி அங்கே சென்று, விளையாட்டின் பெயரைத் தட்டினால் போதும். சில பழைய விளையாட்டுகள் செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. அவை மிக விரைவாகவோ மெதுவாகவோ ஓடினால், கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். எஃப்12 அழுத்திக் கூட்டலாம். ஆல்ட் விசையையும் என்டர் விசையையும் சேர்த்து அழுத்தினால் படம் திரை முழுவதும் விரியும்.

மருமகன் அவ்வாறே செய்தான். இசை எழுந்தது. உள்ளறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அத்தான், தாளைத் தாழ்த்தினார். ஆனால் எழுந்து வரவில்லை.

சோதனைக்காக அவன் முதல் நிலையை ஆடி முடித்தபோது மற்றொரு தடை வந்தது. வண்ணக் குப்பிகள் நிறைந்த ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் உள்ள சொல்லின் முதலெழுத்து எதுவோ, அந்தக் குப்பியை அருந்தவேண்டும். விலைகொடுத்து வாங்காமல் படியெடுத்து ஆடுபவரைத் தடுப்பதற்காக அன்று வைத்த பூட்டு இது. என் தமக்கை கையேட்டை எடுத்துக் கொடுத்தாள். "எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறாள் என்று நகைத்தீர்களே!" என்றாள். எவரும் மறுமொழி கூறவில்லை.

பின்னர் அவன் சேமித்த ஆட்டத்தைத் தேடினான். இவ்விளையாட்டில் மூன்றாம் நிலை முதற்கொண்டு ஆட்டத்தைச் சேமிக்கலாம். சேமிப்புக் கோப்பு வெறும் 8 பைட் அளவுடையது. எத்தனையாவது நிலை, எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு உயிர் என்பன மட்டுமே அதில் உள்ளன. எட்டே எட்டு பைட்! அதில் ஒன்று கெட்டிருந்தாலும் அத்தானின் ஆட்டம் கெட்டிருக்கும். தொடக்கத் திரையில் கண்ட்ரோல் விசையுடன் எல் விசையை அழுத்தினான். கோபுரத்தின் பன்னிரண்டாம் நிலை தோன்றியது. மிச்சம் 11 நிமிடங்கள்.

"அக்கா, அத்தானைக் கூப்பிடு" என்றேன். அழைக்கவேண்டிய தேவையில்லை, அவர் ஏற்கெனவே எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். மகன் எழுந்து நாற்காலியை விட்டான். அத்தான் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசைகளில் விரல் வைத்தார். விரல்கள் நடுங்கின, ஆயினும் வழி மறக்கவில்லை. மேலே, இன்னும் மேலே ஏறிச் சென்றபோது எதிரில் ஒருவன் வாளோடு தோன்றினான். அவன் வேறு யாரும் அல்லன், வீரனுடைய நிழல். நான்காம் நிலையில் கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது வீரனிடமிருந்து பிரிந்து சென்றவன். அத்தான் அவனை ஓங்கி வெட்டினார். வெட்டு விழுந்தது நிழல்மேல். குறைந்ததோ வீரனின் உயிர்.

"இங்கேதான். எப்போதும் இங்கேதான் தோற்பேன்" என்று அத்தான் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மீண்டும் வாளை ஓங்கினார். அப்போது மகன் அவருடைய தோளருகே குனிந்தான்.

"அப்பா, அவனை வெட்டாதீர்கள். வாளை உறையில் போடுங்கள்."

இரண்டு ஆண்டுகளில் அவன் நேராகச் சொன்ன முதற்சொல் அது. என் தமக்கை சமையலறை வாசலில் அசையாது நின்றாள். அத்தான் சிறிது நேரம் திரையையே பார்த்தார். பிறகு கீழ் நோக்கிய அம்பு விசையை அழுத்தினார். வீரன் வாளை உறையிலிட்டான்; நிழலும் வாளை உறையிலிட்டது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கி வந்து ஒன்றாயினர். அதன்பின் வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் வீரன் கால் வைக்க வைக்கத் தளம் தோன்றி அவனைத் தாங்கியது.

ஜாஃபரோடு நடந்த சண்டையில் நேரம் முடிந்துபோயிற்று, இளவரசி மீட்கப்படவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் அத்தான். "சரி அப்பா" என்றான் மகன். வீட்டைப் பற்றிய பேச்சு அன்று தீரவில்லை; இந்நாள்வரை தீரவும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில், "தம்பி, சாப்பிட வா" என்று அத்தான் தாமே அழைத்தார். தூது செல்வதற்கு என் தமக்கைக்கு வேலை இருக்கவில்லை.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள். நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு காலத்தால் தேய்வது. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பதுமுண்டு. உங்கள் இல்லத்தில் பழைய வட்டுகள் இருப்பின், இந்த ஆண்டே படியெடுத்து வையுங்கள். இவ்விளையாட்டை ஆக்கியவருக்கே இந்தப் பாடம் நேர்ந்தது. தம் மூல நிரல் தொலைந்துபோயிற்று என்று மெக்னர் எண்ணியிருக்க, 2012இல் வீட்டைத் துப்புரவு செய்த அவருடைய தந்தை பழைய பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். வட்டுகள் அதனுள்ளே இருந்தன. வல்லுநர்கள் அவற்றைப் படித்து மீட்டார்கள். தந்தையர் பரணில் வைத்திருப்பவற்றைக் குப்பை என்று எண்ணவேண்டாம்.

இலவசம் என்று அழைக்கும் அறிமுகமில்லாத இணையத்தளங்களிலிருந்து விளையாட்டுகளை இறக்கவேண்டாம். "கிருமித்தடுப்பை அணைத்துவிட்டு நிறுவுக" என்று கூறுபவரை அறவே நம்பவேண்டாம். கணிப்பொறி நிரல்களுக்கு 1984 முதலே நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு; விளையாட்டு பழையதாயிற்று என்பதனால் உரிமை அற்றுப்போவதில்லை. பழைய விளையாட்டுகள் பலவற்றைப் புதிய கணிப்பொறிக்கு ஏற்றவாறு முறையாக விற்கும் ஜி.ஓ.ஜி. போன்ற நிறுவனங்கள் 2008 முதல் உள்ளன. நேர்மையாக வாங்கிய பொருளை அச்சமின்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

பழையதும் புதியதும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. இரண்டும் தவறானவை அல்ல. இரண்டின் மொழி வேறு, அவ்வளவே. இடையில் ஒருவர் பொறுமையோடு அமர்ந்து, முதல் மூன்று முறை தோற்றாலும் நான்காம் முறையும் முயன்றால், வழி பிறக்கும்.