மூன்று மடக்கும் ஒரு நற்சான்றும்

சுற்றுலா வியாபாரிகள் ஒரு நல்ல சொல்லைக் கையில் எடுத்துவிட்டால், அந்தச் சொல்லுக்குக் கெட்ட காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். ‘அமைதி’ அப்படித்தான் போயிற்று. ‘கிராமியம்’ அப்படித்தான் போயிற்று. இப்போது அவர்களிடம் சிக்கியிருப்பது, ‘சூழலைக் கெடுக்காத’ என்னும் அடைமொழி. சூழலைக் கெடுக்காத ஒருநாள் ஒயின் யாத்திரை! காலையில் ஒரு தீவுக்குப் போகலாம். மூன்று தோட்டங்களில் மூன்று மடக்கு ருசி பார்க்கலாம். இயற்கையைக் காப்பாற்றிய திருப்தியோடு மாலையில் திரும்பிவிடலாம்.

மது கூடாது என்று பிரசங்கம் செய்ய நான் இதை எழுதவில்லை. குடிப்பதும் குடிக்காததும் அவரவர் பாடு. நான் கேட்பது அந்த அடைமொழியின் யோக்கியதையைப் பற்றி.

ஒயின் ரசிகர்கள் கொண்டாடும் சாந்தோரினித் தீவையே எடுத்துக்கொள்வோம். கிரேக்க நாட்டில், சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சிதறி, பிறைபோல் மிஞ்சிய நிலம் அது. மண் என்று பெயர். உண்மையில் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும்தான். மழை மிகக் குறைவு. காற்றோ ஆளைத் தள்ளும். அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றினால் காற்று பிய்த்து எறிந்துவிடும். அதனால் குடியானவர்கள் அதைத் தரையிலேயே வட்டம் வட்டமாக வளைத்துப் பின்னுகிறார்கள். பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணையைப் பெரிதாக்கிக் கூடையாக உயர்த்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது. ‘கூலூரா’ என்று அதற்குப் பெயர். காற்றுக்கும் வெயிலுக்கும் தப்பி, கூடைக்குள்ளே ஒளிந்து பழம் பழுக்கிறது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் வாங்கி வைத்துக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த ஈரமே பாசனம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்த வேர்ப்பூச்சி, இந்த மணலில் பிழைக்க முடியவில்லை. தண்டு கிழடு தட்டினால் வெட்டிவிடுகிறார்கள். பழைய வேரே மறுபடி துளிர்க்கிறது.

சூழலைக் கெடுக்காமல் வாழும் வித்தையை, அந்தச் சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கொடியும் அதை வளர்த்தவர்களும் கற்றுவிட்டார்கள். நற்சான்று அவர்களுக்கு உரியது. ஆனால் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறவர் யார்? வேடிக்கை பார்க்க வந்த பிரயாணி!

அவர் எப்படி வந்தார்? விமானத்தில் வந்தார், அல்லது கிரீட் தீவிலிருந்து வேகக் கப்பலில் வந்தார், அல்லது மாடி மாடியாக உயர்ந்த உல்லாசக் கப்பலில் வந்தார். தீவின் ஜனத்தொகை ஏறக்குறைய 15,000. 2024-ஆம் ஆண்டுக் கோடையிலோ, ஒரே நாளில் 11,000 அளவுக்குக் கப்பல் பிரயாணிகள். பதினைந்து பேர் வாழும் வீட்டுக்குப் பதினொரு விருந்தாளிகள் வந்து, விளக்கு வைப்பதற்குள் போய்விட்டால், எச்சில் இலை எடுப்பது யார்? நாளொன்றுக்கு 8,000 பேர் என்று வரம்பும் கட்டினார்கள். 2025 ஜூலை முதல் உச்சப் பருவத்தில் கப்பல் பிரயாணிக்குத் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்தது. கொடிக்குப் பனியே போதும் என்றிருந்த தீவு, வந்தவர்கள் குடிக்கவும் குளிக்கவும் கடல்நீரை இயந்திரத்தில் ஊற்றி உப்பு நீக்கிக்கொண்டிருக்கிறது.

“இவர்கள் வராவிட்டால் ஒயினை யார் வாங்குவார்கள்? கொடி எப்படிப் பிழைக்கும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோட்டத்திலேயே வந்து ஒரு புட்டி வாங்கினால், தரகன் கைக்குப் போகாமல் முழுப்பணமும் உற்பத்தியாளருக்குக் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதே கூட்டம்தான் நிலத்தின் விலையையும் ஏற்றிவிடுகிறது. வருஷம் முழுவதும் குனிந்து கொடி பின்னிக் கிடைக்கும் வரும்படியைவிட, அதே நிலத்தில் நீச்சல் குளத்தோடு நான்கு அறைகள் கட்டினால் கிடைப்பது அதிகம் என்றால், குடியானவரின் மகன் எதைச் செய்வான்? அந்தக் கூடையைப் பின்ன யந்திரம் கிடையாது, கைதான் வேண்டும். அந்தக் கைகள் விடுதிகளில் மேஜை துடைக்கப் போய்விட்டன. தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. போதாக்குறைக்கு 2023, 2024 ஆண்டுகளின் வறட்சியில் விளைச்சலும் படுமோசமாக விழுந்தது. மூன்று மடக்குக் குடித்தவரின் பாராட்டு, விற்றுப்போன நிலத்தில் ஒரு கொடியையாவது முளைக்க வைக்குமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சரக்குக் கப்பலில் ஒரு புட்டி உங்கள் ஊருக்கு வர ஆகும் எரிபொருளுக்கும், அந்தப் புட்டியைத் தேடி நீங்கள் ஆகாய விமானத்தில் போக ஆகும் எரிபொருளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சூழல்மேல் அவ்வளவு பிரியம் இருந்தால், வீட்டிலிருந்தபடியே வாங்கிக் குடிப்பதுதான் உத்தமம். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. சொன்னால் டிக்கெட் விற்குமா?

போகவே கூடாது என்று நான் தடை போடவில்லை. போகிறவர்கள் போகட்டும். கூட்டம் இல்லாத மாதத்தில் போகட்டும். நாலு நாள் தங்கட்டும். அந்த ஊர்ப் பருப்பையும் தக்காளியையும் வாங்கிச் சாப்பிடட்டும். புட்டிக்குக் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். இல்லை, ஒரே நாளில் ஓடிப்போய் ஓடி வரத்தான் ஆசை என்றால், அதையும் செய்யட்டும். உல்லாசம் என்று அதற்குப் பெயர் வைக்கட்டும். உல்லாசம் ஒன்றும் பாவமில்லை. அந்த நற்சான்றை மட்டும் சட்டையிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். அது, வெயிலில் குனிந்து கொடி பின்னுகிறவருடைய சொத்து.